லூதரின் பிரசங்கத்தில் அன்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜெர்மானியத் திருச்சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூதர் (1483–1546) என்றதும் நினைவுக்கு வருகிற சொல் விசுவாசம். அன்பைப் பற்றியும் அவர் ஓயாமல் பிரசங்கித்தார் என்று சொன்னால் பலர் வியப்படைகிறார்கள். சபையில் பிறந்து வளர்ந்தவர்கள்கூட. வேதபாட வகுப்புகளில் திரும்பத் திரும்ப எழுகிற கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். சிலவற்றுக்கு நாலு வரி போதும். சிலவற்றை அப்படிக் கடந்துவிட முடியாது.

விசுவாசத்தால் மட்டுமே மீட்பு என்றவரிடம் அன்புக்கு என்ன வேலை?

நிறைய வேலை இருக்கிறது. மீட்பைச் சம்பாதிக்கிற வேலை மட்டும் அதற்கு இல்லை.

1520-இல் வெளிவந்த 'கிறிஸ்தவனின் சுதந்திரம்' என்ற சிறு நூலை லூதர் இரண்டு வாக்கியங்களோடு தொடங்குகிறார். கிறிஸ்தவன் எல்லாவற்றுக்கும் மேலான சுதந்திர எஜமான், யாருக்கும் கட்டுப்பட்டவன் அல்ல. கிறிஸ்தவன் எல்லாருக்கும் ஊழியக்காரன், எல்லாருக்கும் கட்டுப்பட்டவன். ஒன்றையொன்று வெட்டுவதுபோல் தோன்றும் இந்த இரண்டையும் விளக்குவதுதான் அந்த நூலின் மொத்தப் பணி. முதலாவது விசுவாசத்தால் வருவது, இரண்டாவது அன்பால் வருவது. நூலின் முடிவில் அவர் சொல்வது இன்னும் அழகு: கிறிஸ்தவன் தனக்குள் வாழ்வதில்லை. விசுவாசத்தால் தனக்கு மேலே கடவுளிடம் ஏறுகிறான். அன்பால் தனக்குக் கீழே இறங்கிப் பிறனிடம் போகிறான்.

அன்று மக்கள் நோன்பு, யாத்திரை, திருப்பலிக் காணிக்கை எல்லாவற்றையும் மேல்நோக்கிச் செய்தார்கள், கடவுளின் கணக்கில் வரவு வைப்பதற்காக. அந்தக் கணக்குப் புத்தகம் கிறிஸ்துவிலேயே மூடப்பட்டுவிட்டது என்பது லூதரின் வாதம். அப்படியானால் மிச்சமிருக்கும் கை, கால், காசு, நேரமெல்லாம் யாருக்கு? பக்கத்து வீட்டுக்காரனுக்கு. கிறிஸ்து எனக்குத் தம்மைத் தந்ததுபோல நான் பிறனுக்கு ஒரு கிறிஸ்துவாக என்னைத் தருவேன் என்று அந்த நூலில் எழுதுகிறார். துணிச்சலான வார்த்தைதான்.

விசுவாசத்துக்கு அன்புதான் உருவம் தருகிறது என்ற பழைய போதனையை ஏன் எதிர்த்தார்?

இடைக்கால இறையியல் பள்ளிகள், விசுவாசம் தனியே நின்றால் முழுமை பெறாத ஒன்று, அன்பு சேர்ந்தால்தான் அது மீட்கும் என்று போதித்தன. கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது. லூதர் இதில் ஒரு கொடுமையைக் கண்டார். துறவியாக இருந்த நாட்களில் அவரை வாட்டியதும் இதுதான்: என் அன்பு போதுமானதா என்று யார் அளப்பது? இரவில் படுத்தபடி தன் அன்பை நிறுத்துப் பார்க்கிறவனுக்குத் தராசு ஒருநாளும் நிறைவதில்லை.

கலாத்தியர் நிருபத்துக்கு அவர் எழுதி 1535-இல் வெளிவந்த விரிவுரையில் இதற்கு ஒரு சுவர் உவமை வருகிறது. சுவருக்கு வண்ணம் எப்படியோ, விசுவாசத்துக்கு அன்பு அப்படி என்கிறார்கள் எதிரணியினர். இல்லை, அந்த வண்ணம் கிறிஸ்துவே என்கிறார் லூதர். அன்பை அவர் தள்ளவில்லை. அதன் தோளில் ஏற்றப்பட்ட ஒரு சுமையை இறக்கி வைக்கிறார். “அன்பினால் கிரியை செய்கிற விசுவாசமே உதவும்” என்ற கலாத்தியர் 5:6 வசனத்தையும் அவர் ஒதுக்கவில்லை. விசுவாசம் வேலை செய்கிறது, அன்பு அதன் கைக்கருவி என்று அதைப் படித்தார்.

“இவைகளில் அன்பே பெரியது” என்று பவுல் சொல்கிறாரே?

1 கொரிந்தியர் 13-ஐ வைத்து அவரை மடக்கப் பார்த்தவர்கள் அன்றும் உண்டு. அன்பு பெரியது, ஏனென்றால் அது நீடித்து நிற்கிறது, எல்லாரையும் சென்று தொடுகிறது என்று லூதர் ஒப்புக்கொண்டார். ஆனால் பெரியதாக இருப்பது வேறு, கடவுளுக்கு முன் நீதிமானாக்குவது வேறு என்றார். மலைகளைப் பெயர்க்கும் விசுவாசம் இருந்தும் அன்பில்லையென்றால் ஒன்றுமில்லை என்ற வசனத்தை, அது அற்புதங்கள் செய்கிற வரத்தைக் குறிக்கிறது என்று விளக்கினார். இந்த இடத்தில் அவர் சற்று நெளிவதாகவே எனக்குப் படுகிறது. பவுலின் வாசகம் அத்தனை எளிதாக வழிவிடுவதில்லை.

கடவுளின் அன்புக்கும் நம்முடைய அன்புக்கும் என்ன வித்தியாசம் என்கிறார்?

1518 ஏப்ரலில் ஹைடல்பெர்க் நகரில் தம் அகுஸ்தீன் துறவற சபையாருக்கு முன்பாக லூதர் ஒரு விவாதம் நடத்தினார். அதன் இருபத்தெட்டாவது கூற்று இதுதான்: கடவுளின் அன்பு தனக்குப் பிடித்ததைத் தேடிக் கண்டடைவதில்லை, அதை உண்டாக்குகிறது, மனித அன்போ பிடித்ததைக் கண்ட பிறகே பிறக்கிறது.

அழகைப் பார்க்கிறோம், நேசிக்கிறோம். நல்ல குணத்தைப் பார்க்கிறோம், பழகுகிறோம். நம்முடைய அன்பு சந்தைக்குப் போய்ப் பொறுக்கி எடுக்கிறது. கடவுளோ ஒன்றுமில்லாதவனை நேசிக்கிறார், அதனாலேயே அவன் ஏதோ ஒன்றாக ஆகிறான். பாவிகள் அழகாக இருப்பதால் நேசிக்கப்படவில்லை, நேசிக்கப்படுவதால் அழகாகிறார்கள் என்று அந்தக் கூற்றின் விளக்கத்திலேயே எழுதுகிறார். லூதர் அன்பைப் பற்றிச் சொன்ன மற்ற எல்லாவற்றுக்கும் இது வேர். இதை ஓரமாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள், கீழே இரண்டு இடங்களில் தேவைப்படும்.

1532-இல் யோவானின் முதல் நிருபம் நாலாம் அதிகாரத்தைப் பிரசங்கித்தபோது இதையே நெருப்பால் சொன்னார். யாராவது கடவுளை ஓவியமாகத் தீட்ட விரும்பினால் அன்பைத் தவிர வேறெதையும் தீட்ட முடியாது. வானத்தையும் பூமியையும் நிரப்புகிற அன்பின் சூளை அவர்.

“உன்னை நேசிப்பதுபோல்” என்ற கட்டளை முதலில் தன்னை நேசிக்கச் சொல்கிறதா?

இல்லை என்பது லூதரின் பதில். 1515–16-இல் ரோமர் நிருபத்தை விரிவுரை செய்தபோதே இதைத் தெளிவாக்கிவிட்டார். மனிதன் தன்னை நோக்கியே வளைந்து சுருண்டவன், நல்லதைக்கூடத் தனக்காகவே தேடுகிறவன் என்பது அந்த விரிவுரைகளின் மையப் படம். அவனிடம் போய் உன்னை நேசி என்று தனியே கட்டளையிடத் தேவையில்லை. நீ உனக்காக இத்தனை வக்கிரமாக ஓடுகிறாயே, அந்த ஓட்டத்தைப் பிறன் பக்கம் திருப்பு என்கிறது வசனம். பழங்காலத் திருச்சபையின் இறையியலாளர் அகுஸ்தீனைத் தலைமேல் வைத்துக்கொண்டாடிய லூதர் அவரிடமிருந்து விலகுகிற இடங்களில் இதுவும் ஒன்று.

இன்றைய மனநல ஆலோசகர்கள் இதை ஏற்க மாட்டார்கள். நசுக்கப்பட்டு வளர்ந்த ஒருவரிடம் இந்தப் போதனையை அப்படியே கொண்டுபோவது எனக்கும் தயக்கமாகத்தான் இருக்கிறது. லூதர் பேசியது தன் புண்ணியத்தைத் தானே எண்ணிக்கொண்டிருந்த கூட்டத்திடம்.

அன்பைப் பற்றிய பிரசங்கங்களில் முக்கியமானவை எவை?

ஒரே ஒரு தொகுப்பைச் சொல்லச் சொன்னால் 1522 மார்ச் 9 முதல் 16 வரை தாம் வாழ்ந்த விட்டன்பெர்க் நகரின் கோவிலில், நாளுக்கு ஒன்றாக, அவர் செய்த எட்டுப் பிரசங்கங்களைச் சொல்வேன். அவை பிறந்த சூழல் தெரிந்தால்தான் சுவை தெரியும்.

1521 மே முதல் லூதர் வார்ட்பர்க் கோட்டையில் மறைந்திருந்தார். இங்கே விட்டன்பெர்க்கில் சீர்திருத்தம் அவரில்லாமலே வேகமெடுத்தது. சக பேராசிரியர் கார்ல்ஸ்டாட் 1521 கிறிஸ்துமஸ் அன்று திருவுடைகள் இல்லாமல் ஆராதனை நடத்தி, அப்பத்தையும் கிண்ணத்தையும் மக்கள் கையிலேயே கொடுத்தார். சிலைகளும் படங்களும் உடைந்தன. பழைய வழக்கத்தில் ஊறியவர்கள் மிரண்டுபோனார்கள். கிண்ணத்தைத் தொடுவது பாவம் என்று சிறுவயதிலிருந்து சொல்லி வளர்க்கப்பட்டவரிடம் திடீரென்று அதை நீட்டினால் கை நடுங்காதா?

லூதர் திரும்பி வந்தார். மேடையேறியவர், நீங்கள் செய்தது கொள்கை அளவில் தவறு என்று சொல்லவில்லை. பெரும்பாலானவற்றில் அவருக்கும் உடன்பாடுதான். உங்களிடம் விசுவாசம் இருக்கிறது, அன்பைத்தான் காணவில்லை என்றார். தாய் குழந்தைக்கு முதலில் பால் தருகிறாள், பிறகு கஞ்சி, பிறகு முட்டை, மென்மையான உணவு. நீங்கள் எல்லாரும் நெடுங்காலம் பால் குடித்து வளர்ந்தவர்கள்தானே, உங்கள் சகோதரனையும் அவ்வளவு காலம் குடிக்க விடுங்கள் என்று கேட்டார்.

பிறகு ஒரு சூரிய உவமை. சூரியனுக்கு ஒளி உண்டு, வெப்பமும் உண்டு. ஒளியை எந்த அரசனாலும் வளைக்க முடியாது. வெப்பமோ திரும்பும், வளைந்துகொடுக்கும். விசுவாசம் ஒளியைப்போல அசையாமல் நிற்க வேண்டும். அன்பு வெப்பத்தைப்போலப் பிறன் இருக்கும் பக்கமெல்லாம் வளைய வேண்டும். பலவந்தப்படுத்தாதீர்கள், வார்த்தை தன் வேலையைச் செய்யும் என்று சொல்லிவிட்டு, நானும் நண்பர்களும் விட்டன்பெர்க் பீர் குடித்துக்கொண்டிருந்தபோதே போப்பாட்சி ஆட்டம் கண்டது என்றார். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் சிரித்திருப்பார்கள் என்றே நினைக்கிறேன்.

ஏழாம் நாள் பிரசங்கத்தில் குரல் மாறுகிறது. நற்கருணையின் கனி அன்பு. அதை உங்களிடம் நான் பார்க்கவில்லை என்கிறார். கடவுள் பூமியிலிருந்து வானம் வரை எட்டுகிற, அன்பு நிறைந்த, தகதகக்கும் அடுப்பு. அந்த அடுப்பிலிருந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ள வருகிறீர்கள், ஆனால் வாங்கியதைப் பிறனுக்கு ஊற்ற மாட்டேன் என்கிறீர்கள். ஊர் அமைதியாயிற்று, மாற்றங்கள் நிதானமாகத் திரும்பி வந்தன. கார்ல்ஸ்டாட்டுக்கு மட்டும் அந்த வெப்பம் வளைந்துகொடுக்கவே இல்லை. அவர் ஓரங்கட்டப்பட்டார், பிறகு சாக்சனியிலிருந்தே வெளியேற்றப்பட்டார். பலவீனருக்குப் பொறுமை காட்டச் சொன்ன லூதருக்குப் போட்டியாளர்களிடம் பொறுமை குறைவு.

பிச்சையிடுவதைப் பற்றி என்ன நினைத்தார்?

லூதர் 1517-இல் எழுதிய தொண்ணூற்றைந்து கூற்றுகளை, காசு கொடுத்துப் பாவத் தண்டனையிலிருந்து விலக்கு வாங்கும் பாவமன்னிப்புச் சீட்டு விவகாரமாக மட்டும் படிக்கிறோம். அவற்றில் நாற்பத்துமூன்றாவது, ஏழைக்குக் கொடுப்பதும் இல்லாதவனுக்குக் கடன் கொடுப்பதும் சீட்டு வாங்குவதைவிட மேலானது என்கிறது. நாற்பத்தைந்தாவது இன்னும் கடுமை: தேவையில் இருப்பவனைக் கண்டும் காணாமல் போய்ச் சீட்டுக்குக் காசு கொடுக்கிறவன் வாங்குவது கடவுளின் கோபத்தை. ஆக, தொடக்கத்திலேயே சண்டையின் நடுவில் ஓர் ஏழை நிற்கிறான்.

பிச்சை இடுவது புண்ணியம், எனவே பிச்சைக்காரர்கள் தேவை என்ற பழைய நடைமுறையை அவர் வெறுத்தார். கிறிஸ்தவ உலகில் யாரும் பிச்சையெடுக்கக் கூடாது, ஒவ்வொரு நகரமும் தன் ஏழைகளைத் தானே பராமரிக்க வேண்டும் என்று 1520-இல் ஜெர்மானியப் பிரபுக்களுக்கு எழுதினார். 1522 ஜனவரியில் விட்டன்பெர்க் நகரசபை ஏழைகளுக்கான பணம் வைக்கும் பொதுப் பெட்டி ஒன்றை ஏற்படுத்தியது. ஏழைக் கைவினைஞருக்குத் தொழில் தொடங்க அதிலிருந்து கடன். திருப்பித் தர வழியில்லாதவருக்குக் கடவுளின் பெயரால் தள்ளுபடி.

1523-இல் லைஸ்னிக் என்ற சிற்றூர் இதைவிடத் திருத்தமாகச் செய்தது. லூதர் அதற்கு முன்னுரை எழுதி அச்சிட்டார். பெட்டியை நிர்வகிக்கப் பத்துப் பேர்: பிரபுக்கள் இருவர், நகரசபையார் இருவர், நகர மக்கள் மூவர், நாட்டுப்புற விவசாயிகள் மூவர். பெட்டிக்கு நாலு பூட்டு, நாலு தரப்பாரிடமும் ஒவ்வொரு சாவி. ஒருவர் தனியாகத் திறக்க முடியாது. அன்பைப் போதித்தவர்கள் பூட்டையும் மறக்கவில்லை என்பது எனக்கு மிகவும் பிடித்த விவரம். மனிதன் தன்னை நோக்கி வளைந்தவன் என்று நம்புகிறவர்கள் இப்படித்தான் பெட்டி செய்வார்கள்.

ஏமாற்றுப் பிச்சைக்காரர்களின் தந்திரங்களை விவரிக்கும் பழைய புத்தகம் ஒன்றை 1528-இல் முன்னுரையோடு மறுபடி அச்சிட்டவரும் லூதரே. அந்த முன்னுரையில், தாமே இப்படிப்பட்டவர்களிடம் சொல்லிக்கொள்ள வெட்கப்படும் அளவுக்கு ஏமாந்திருப்பதாக எழுதுகிறார்.

வியாபாரத்தில் அன்பு சாத்தியமா?

1524-இல் வணிகத்தையும் வட்டியையும் பற்றி எழுதிய நூலில், வணிகர்களுக்கு ஒரு பொது விதி இருக்கிறது என்று தொடங்குகிறார்: என் சரக்கை முடிந்த அளவு அதிக விலைக்கு விற்பேன். நரகத்தின் வாசலைத் திறந்துவிடும் விதி இது என்கிறார். விதி இப்படி இருக்க வேண்டுமாம்: நியாயமாக எவ்வளவு விற்க வேண்டுமோ அவ்வளவுக்கு விற்பேன். விற்பதும் பிறனுக்குச் செய்கிற செயல், ஆகவே அன்பின் எல்லைக்குள் வருவது. பதுக்கல், ஏகபோகம், தட்டுப்பாட்டைப் பயன்படுத்தி விலையேற்றுவது எல்லாவற்றையும் பெயர் சொல்லித் திட்டுகிறார். 1540-இல் போதகர்களுக்கு எழுதியபோது, மனந்திரும்பாத வட்டிக்காரனுக்கு நற்கருணை கொடுக்காதீர்கள் என்றே சொல்லிவிட்டார். பொருளாதாரம் தெரியாமல் பேசுகிறார் என்று குறைசொல்பவர்கள் உண்டு. அன்றாடம் ரொட்டி வாங்கிச் சாப்பிட்டவர்கள் அப்படி நினைத்திருப்பார்களா என்பது சந்தேகம்.

வீட்டு வேலையும் அன்பின் கிரியையா?

ஆம், அதுதான் முதன்மையானது. 1522-இல் திருமண வாழ்வைப் பற்றி எழுதியபோது, குழந்தையின் அழுக்குத் துணியைத் துவைக்கிற தகப்பனைப் பார்த்து ஊர் சிரிக்கும், பெண்ணைப்போல இருக்கிறானே என்று கேலி செய்யும். கடவுளோ தம் தூதர்கள் எல்லாரோடும் அவனைப் பார்த்துப் புன்னகைப்பார், அவன் துணி துவைப்பதற்காக அல்ல, விசுவாசத்தோடு அதைச் செய்வதற்காக என்கிறார். இதை எழுதியபோது அவருக்குக் கல்யாணம்கூட ஆகவில்லை. கத்தரீனாவை மணந்தது 1525-இல்.

கொள்ளைநோய்க் காலத்தில் ஓடலாமா என்று எழுதியது என்ன?

கொரோனா காலத்தில் உலகெங்கும் திரும்ப வாசிக்கப்பட்ட கடிதம் இது. பிரெஸ்லவ் நகரப் போதகர் யோகான் ஹெஸ் கேட்ட கேள்விக்கு 1527-இல் எழுதிய பதில். அந்த ஆகஸ்டில் விட்டன்பெர்க்கிலேயே நோய் புகுந்தது. பல்கலைக்கழகம் யேனா நகருக்கு மாறியது. லூதரையும் வெளியேறும்படி சாக்சனியின் இளவரசர் யோகான் சொன்னார். அவர் போகவில்லை. போதகர் புகன்ஹாகனும் அவரும் தங்கிவிட்டார்கள். கத்தரீனா கர்ப்பிணி, வீடோ நோயாளிகள் தங்கும் மருத்துவமனையாகிப் போனது. டிசம்பரில் பிறந்த மகள் எலிசபெத் அடுத்த ஆகஸ்டில் இறந்துபோனாள்.

இத்தனைக்கும் கடிதம் வீராவேசமாக இல்லை. சாவுக்கு அஞ்சி ஓடுவது தன்னளவில் பாவமில்லை என்கிறார். ஆனால் போதகர், நகரத்தலைவர், நீதிபதி, மருத்துவர் ஆகியோர் ஓடக் கூடாது. எஜமான் வேலைக்காரனையும், பிள்ளை பெற்றோரையும் விட்டுவிட்டுப் போகக் கூடாது. நோயாளியைக் கவனிக்க வேறு ஆட்கள் போதுமான அளவு இருந்தால் மற்றவர்கள் தாராளமாகப் போகலாம். யார் தங்க வேண்டும் என்பதைத் தைரியம் தீர்மானிப்பதில்லை, யாருடைய தேவை உங்கள்மேல் சாய்ந்திருக்கிறது என்பதே தீர்மானிக்கிறது.

மறுபக்கம், கடவுள் காப்பார் என்று மருந்தை மறுத்துத் திரிகிறவர்களைக் கண்டிக்கிறார். வீட்டுக்குப் புகை போடு, காற்றைச் சுத்தமாக்கு, மருந்து கொடு, மருந்து சாப்பிடு, உன் தேவை இல்லாத இடத்துக்குப் போகாதே. உன் கவனக்குறைவால் இன்னொருவன் சாகக் கூடாது. படுத்திருப்பது கிறிஸ்துவோ அவர் தாயாரோ என்றால் எல்லாரும் விழுந்தடித்துக்கொண்டு சேவை செய்ய ஓடி வருவீர்களே என்றும் ஓர் இடத்தில் கேட்கிறார். ‘மிகவும் சிறியவனுக்குச் செய்தது எனக்கே செய்தது’ என்ற வசனத்தை உங்கள் பக்கத்து வீட்டுக் கட்டிலில் போட்டுக் காட்டுகிற கேள்வி அது.

அன்பைப் பேசியவர் 1525-இல் விவசாயிகளைக் கொல்லச் சொன்னது எப்படி?

அவருடைய தர்க்கம் இப்படி வந்தது. கிறிஸ்தவன் தனக்காக வாளெடுக்கக் கூடாது, அடித்தால் வாங்கிக்கொள்ள வேண்டும். ஆனால் பிறனைக் காக்க வாள் தேவையென்றால் அதை ஏந்துவதும் அன்பின் ஊழியம்தான் என்று 1523-இல் ஆட்சியதிகாரம் பற்றிய நூலில் எழுதினார். போர்வீரனைக் குறித்து 1526-இல் எழுதியதில் அவனை, உடலைக் காக்க ஒரு கையையோ காலையோ வெட்டி எடுக்கும் மருத்துவனோடு ஒப்பிட்டார். இந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆபத்தும் இருக்கிறது.

ஆபத்து 1525-இல் வெளிவந்தது. விவசாயிகள் பிரபுக்களுக்கு எதிராக எழுந்தபோது முதலில் இரு தரப்பையும் கண்டித்து, பிரபுக்களின் சுரண்டலே இதற்குக் காரணம் என்று எழுதினார். கலவரம் பரவியதும் இரண்டாவது நூல்: முடிந்தவர்கள் எல்லாரும் குத்துங்கள், அடியுங்கள், கொல்லுங்கள். அதில் ஒரு வாக்கியம் என்னை எப்போதும் நிறுத்திவிடும். விசித்திரமான காலம் இது, பிறர் ஜெபத்தால் பெறுவதைவிட நன்றாக ஓர் இளவரசன் இரத்தம் சிந்தியே பரலோகத்தைச் சம்பாதிக்கலாம் என்கிறார். எந்தக் கிரியையாலும் பரலோகத்தைச் சம்பாதிக்க முடியாது என்று ஐரோப்பாவையே புரட்டிப்போட்டவரின் பேனாவிலிருந்து வந்த வாக்கியம் இது. கட்டாயத்தால் கும்பலில் சேர்ந்தவர்கள்மேல் இரங்குங்கள் என்று அதே நூலில் ஒரு வரி இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். இறந்தவர்கள் பல்லாயிரம் பேர்; அந்த வரி எத்தனை பேரைக் காப்பாற்றியது?

யூதர்களைப் பற்றி அவர் எழுதியது?

1523-இல் இயேசு யூதராகப் பிறந்தவர் என்று ஒரு நூல் எழுதினார். யூதர்களை நாய்களைப்போல நடத்தியிருக்கிறோம், அவர்களிடம் போப்பின் சட்டத்தால் அல்ல, கிறிஸ்தவ அன்பின் சட்டத்தால் நடந்துகொள்ள வேண்டும், வேலையும் வியாபாரமும் செய்ய விட வேண்டும் என்று அதில் கேட்டுக்கொண்டார். அவர்கள் மனம் மாறுவார்கள் என்ற எதிர்பார்ப்பும் அதில் இருந்தது. எதிர்பார்ப்பு நிறைவேறவில்லை.

1543-இல் எழுதிய நூலில் ஜெப ஆலயங்களைக் கொளுத்தவும், வீடுகளை இடிக்கவும், நூல்களைப் பறிக்கவும், ரபிகளைப் போதிக்கவிடாமல் தடுக்கவும் ஆட்சியாளர்களுக்கு ஆலோசனை சொன்னார். இந்தத் திட்டத்துக்கு அவர் வைத்த பெயர் ‘கூர்மையான இரக்கம்’. இரக்கம் என்ற சொல்லையே அங்கே கொண்டுபோய் வைத்தார். நான்கு நூற்றாண்டுகள் கழித்து நூரம்பெர்க் விசாரணையில் நாஜிப் பிரசாரகர் ஒருவர் தம் தரப்பில் இந்த நூலைச் சுட்டிக்காட்டினார். அமெரிக்காவின் பெரிய லுத்தரன் சபை 1994-இல் இந்த எழுத்துகளை வெளிப்படையாக நிராகரித்து வருத்தம் தெரிவித்தது. வயதும் நோயும் அவரைக் கசப்பாக்கின என்று சமாதானம் சொல்பவர்களை நான் கேட்டிருக்கிறேன். அந்தச் சமாதானம் எனக்குப் போதவில்லை.

இதற்குப் பிறகும் அவரிடம் அன்பைப் பற்றிப் படிக்க என்ன இருக்கிறது?

ஹைடல்பெர்க்கின் இருபத்தெட்டாவது கூற்றை எடுத்துக்கொண்டு மேலே உள்ள இரண்டு பதில்களையும் மறுபடி படியுங்கள். பிடித்ததைக் கண்ட பிறகே பிறப்பது மனித அன்பு என்று அவரே எழுதினார். 1523-இல் யூதர்கள்மேல் அவர் காட்டிய அன்பு, மனம் மாறுவார்கள் என்று காத்திருந்த அன்பு. மாறவில்லை என்றதும் தீர்ந்துவிட்டது. அவருடைய சொந்த இலக்கணப்படி அது மனித அன்பு. 1522-இல் வெப்பத்தைப்போல வளையச் சொன்னவர் 1525-இல் அதிகாரத்தின் பக்கம் மட்டும் வளைந்தார். வெளியிலிருந்து ஒரு அளவுகோலைக் கொண்டுவந்து அவரை அளக்க வேண்டியதில்லை. அவர் செய்து வைத்ததே போதுமான அளவு கூர்மையாக இருக்கிறது. அதனால்தான் நான் அவரை இன்னும் படிக்கிறேன். கோபத்தோடு படிக்கிற நாட்களும் உண்டு.

“நாளை உலகம் அழியும் என்றாலும் இன்று ஓர் ஆப்பிள் கன்று நடுவேன்” என்றது அவர்தானே?

அவர் எழுத்துகளில் அது இல்லை. எழுத்தில் அது முதன்முதலாகக் கிடைப்பது 1944-இல், போர்க்கால ஜெர்மனியில். கிறிஸ்தவச் செருப்புத் தொழிலாளி செருப்பில் சிலுவை பொறிப்பதால் அல்ல, நல்ல செருப்பு தைப்பதால் கடவுளுக்கு ஊழியம் செய்கிறான் என்ற வாசகமும் அப்படித்தான். கருத்து அவருடையதைப்போல இருக்கிறது, வார்த்தை அவருடையது இல்லை. வாட்ஸாப்பில் வருவதற்கெல்லாம் லூதர் பொறுப்பில்லை.

இந்தப் போதனை தமிழுக்கு எப்போது வந்தது?

1706 ஜூலையில் தரங்கம்பாடியில் இறங்கிய ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்க், லூதரின் சிறிய ஞானோபதேசத்தைத் தமிழில் பெயர்த்தார். 1529-இல் குடும்பத்தலைவர்கள் வீட்டில் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர லூதர் எழுதிய கேள்வி-பதில் நூல் அது. கட்டளை வரும், இதற்கு அர்த்தம் என்ன என்ற கேள்வி வரும், பதில் வரும்.

தடை விதிக்கும் கட்டளைகளை அவர் அதில் திருப்பிப்போடும் விதத்தைக் கவனியுங்கள். கொலை செய்யாதே என்றால் கொல்லாமல் இருந்தால் போதாது, பிறனின் உடலுக்கு வரும் எல்லா இடரிலும் உதவ வேண்டும். களவு செய்யாதே என்றால் அவன் பொருளும் பிழைப்பும் பெருகவும் பாதுகாக்கப்படவும் துணைநிற்க வேண்டும். பொய்ச்சாட்சி சொல்லாதே என்றால் அவனுக்காகப் பரிந்து பேச வேண்டும், அவனைக் குறித்து நல்லதைச் சொல்ல வேண்டும், அவன் செய்கிற எல்லாவற்றுக்கும் நல்லர்த்தம் கொள்ள வேண்டும். இந்தக் கடைசியைத் திடப்படுத்தல் வகுப்பில் மனப்பாடமாக ஒப்பித்தவர்கள் நம்மில் பலர். சபைக் கமிட்டிக் கூட்டங்களில் அது அவ்வளவாகக் கேட்பதில்லை.

எதிலிருந்து படிக்கத் தொடங்கலாம்?

‘கிறிஸ்தவனின் சுதந்திரம்’ சிறியது, ஒரு மாலையில் முடியும். அடுத்து 1522-இன் எட்டுப் பிரசங்கங்கள். அவற்றைச் சத்தமாக வாசியுங்கள், அவை காதுக்காகப் பிறந்தவை. மூன்றாவது கொள்ளைநோய்க் கடிதம். 1525, 1543 நூல்களைத் தவிர்க்காதீர்கள், ஆனால் அவற்றை முதலில் எடுக்காதீர்கள்.